செயற்கைக்கோளுக்கு மூடுபனி எப்படித் தெரிகிறது?

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் இருக்கும் இரண்டு கோபுரங்களும் தண்ணீருக்கு மேல் 227 மீட்டர் உயரம். ஜூலை மாதக் காலையில் பாலத்து நடைபாதையில் நின்று நிமிர்ந்து பார்த்தால், பல நாள் கோபுரத்தின் மேல்பாதியைக் காணோம். சாலை தெளிவாக இருக்கும், கார்கள் ஓடும். தலைக்கு மேலே மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கூரை. அங்கே நிற்பவரைக் கேட்டால் ‘மேகமூட்டமாக இருக்கிறது’ என்பார். அதே நேரத்தில் ஊருக்குள் ட்வின் பீக்ஸ் குன்றின் மேல், ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் வண்டி ஓட்டுபவர் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டிருப்பார். அவருக்கு அது மூடுபனி. பாலத்துக்கு வடக்கே 784 மீட்டர் உயர டாமல்பைஸ் மலையின் உச்சியில் நிற்பவருக்கோ சுள்ளென்று வெயில். கீழே ஊரைக் காணோம். வெள்ளையாக ஒரு கடல், அதில் தீவு மாதிரி இரண்டொரு குன்று, ஊருக்குள் இருக்கும் சூட்ரோ ஒளிபரப்புக் கோபுரத்தின் நுனி, அவ்வளவுதான். (டாமல்பைஸ் என்று கேட்டால் நம் ஊர்ப்பெயர் சாயல் அடிக்கிறது. ஆனால் அது அந்த மண்ணின் பழங்குடிகளான கோஸ்ட் மிவோக் மக்களின் சொல்.)

மூவரும் பார்ப்பது ஒரே பொருளைத்தான். நான்காவதாக ஒருவர் இருக்கிறார். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் கோஸ்-18 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள். டாமல்பைஸ் உச்சியில் நிற்பவருக்குத் தெரிவதுதான் அதற்கும் தெரியும்: மேகத்தின் மேல்முகம். அடிப்பக்கம் தெரியவே தெரியாது. ஆனால் மூடுபனியா, வெறும் மேகமா என்பது முழுக்க முழுக்க அடிப்பக்கத்துச் சமாசாரம். மேகம் தரையைத் தொட்டு, கண்ணுக்கு எட்டும் தூரம் 1 கி.மீ.க்கும் கீழே போனால் மூடுபனி. நூறு மீட்டர் தூக்கி நின்றால் தாழ்மேகம். இந்தச் சிக்கலைத் தெரிந்துகொண்டால்தான் செயற்கைக்கோள் படத்தை ஒழுங்காகப் படிக்க முடியும்.

முதலில், கோடைக்காலத்தில் அங்கே ஏன் இப்படி மூடிக்கொள்கிறது? வடபசிபிக் கடலின் மேல் கோடையில் ஒரு பெரிய உயரழுத்தப் பகுதி உட்கார்ந்துகொள்ளும். அதிலிருந்து கலிபோர்னியாக் கரையோரமாக வடமேற்குக் காற்று வீசும். அந்தக் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து கரையோரத்து மேல்நீரைக் கடல்பக்கம் தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். கோடையிலும் கரையோரக் கடல் 12, 13 டிகிரி செல்சியஸ்தான். தொலைகடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று இந்தக் குளிர்ந்த நீரின்மேல் தவழும்போது குளிர்ந்து, ஈரம் துளித்துளியாகப் பிரிந்து மேகமாகிறது.

அந்த மேகம் மேலே எழும்பாமல் தாழவே கிடப்பதற்குக் காரணம் ஒரு மூடி. உயரழுத்தப் பகுதியில் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும். ஆகவே, மேலே போகப் போகக் குளிர வேண்டிய இடத்தில் தலைகீழாக நடக்கிறது. 400 மீட்டரில் 12 டிகிரி இருந்தால், இன்னும் இருநூறு மீட்டர் ஏறினால் 20-ஐத் தாண்டும். கீழே உள்ள கனமான குளிர்காற்றால் இந்தச் சூடான அடுக்கைத் துளைத்துக்கொண்டு போக முடியாது. மேகம் அந்த மூடிக்கு அடியில் தட்டையாகப் பரவி நிற்கும். அதன் மேல்முகம் தோசை மாவை வழித்துவிட்ட மாதிரி சமமாக இருப்பதற்கு இதுதான் காரணம். செயற்கைக்கோள் படத்தில் தாழ்மேகத்தை அடையாளம் காட்டும் முதல் குறியும் இந்தச் சமதளம்தான். இடிமேகம் காலிஃபிளவர் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும். இது வழவழவென்று இருக்கும்.

அப்புறம், உள்நாடு. கரையோர மலைத்தொடருக்கு அந்தப்பக்கம் நடுப்பள்ளத்தாக்கில் கோடை மதியம் 38, 40 டிகிரி கொதிக்கும். அங்கே சூடான காற்று மேலெழ, கடல்காற்றை உள்ளே இழுக்கும். மலைச்சுவரில் கடல்மட்டத்திலேயே ஒரு வாசல் உண்டு: கோல்டன் கேட் நீரிணை. அதன் வழியாகத்தான் மேகம் நாக்கை நீட்டிக்கொண்டு வளைகுடாவுக்குள் வந்து, எதிர்க்கரையில் பெர்க்லி பக்கம் மோதி இரண்டாகப் பிரியும். ஒரே மதியத்தில் கடற்கரையில் ஜாக்கெட் போட்டவர், ஒரு மணி நேரம் கிழக்கே காரில் போனால் ஏ.சி. இல்லாமல் இருக்க முடியாது. அந்தப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் வண்டியின் பின்சீட்டில் எப்போதும் ஒரு ஸ்வெட்டர் போட்டு வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, படத்துக்கு வருவோம். பகலில் வேலை சுலபம். கோஸ்-18-இல் உள்ள கேமரா 16 அலைவரிசைகளில் படம் எடுக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியில் எடுக்கும் படம்தான் மிகக் கூர்மையானது. செயற்கைக்கோளுக்கு நேர் கீழே ஒரு பிக்சல் அரை கி.மீ.; கலிபோர்னியாவைச் சாய்வாகப் பார்ப்பதால் அங்கே கொஞ்சம் பெரிதாகும். அமெரிக்க மேற்குப் பகுதியை 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும். கடல் கருப்பு, நிலம் சாம்பல், மேகம் வெள்ளை. படங்களை வரிசையாக ஓட்டினால், காலையில் பள்ளத்தாக்குகளுக்குள் விரல்விரலாக நுழைந்திருந்த வெள்ளை, மதியத்துக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு கடலுக்குத் திரும்புவது தெரியும். எனக்கு வானிலைப் படங்களிலேயே மிகவும் பிடித்தது இந்தக் காட்சி. புயலின் கண்ணைக்கூட இதற்கு அப்புறம்தான் வைப்பேன்.

பகல் படத்தில் ஒரு ஏமாற்று உண்டு. தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் புல்நுனித் துளிக்கும், ஊட்டி உறைபனிக்கும், இமயத்து வெண்பனிக்கும், மூடுபனிக்கும் ஓடுகிறது அல்லவா? கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்துக்கும் அதே குழப்பம்தான். சியரா நெவாடா மலையின் வெண்பனியும், பள்ளத்தாக்கில் படுத்த மூடுபனியும் ஒரே வெள்ளை. பிரித்தறிய 1.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைவரிசைப் படத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒளியை வெண்பனி உறிஞ்சிவிடும், அதனால் கருப்பாகத் தெரியும். நீர்த்துளி மேகம் திருப்பியனுப்பிவிடும், அதனால் வெள்ளையாகவே நிற்கும். படங்களை ஓட்டிப் பார்த்தாலும் போதும், வெண்பனி நகராது.

இரவில்தான் உண்மையான சோதனை. வெயில் இல்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளிப்படம் வெறும் கருப்பு. அப்போது கைகொடுப்பது அகச்சிவப்பு. எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை உமிழ்கிறது, 10.3 மைக்ரான் அலைநீளத்தில் அதை அளந்தால் பொருளின் வெப்பநிலையைக் கணக்கிடலாம். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் நிற்கும் இடிமேகத்தின் தலை மைனஸ் 60 டிகிரி. கீழே கடல் 12 டிகிரி. வித்தியாசம் கண்ணில் அறையும். நம் ஊர்த் தொலைக்காட்சியில் புயல் சமயத்தில் காட்டும் படம் பெரும்பாலும் இந்த வகைதான்.

தாழ்மேகத்துக்கு இது உதவாது. 400 மீட்டர் உயரத்தில் நிற்கும் மேகத்தின் தலை 11 டிகிரி. அடியில் கடல் 12 டிகிரி. சில இரவுகளில் மேகத்தின் தலை பக்கத்து நிலத்தைவிடச் சூடாகக்கூட இருக்கும். சாம்பல் தரையில் படுத்த சாம்பல் பூனை மாதிரிதான். ஊரே மூடிக்கிடக்கும், படத்தில் ஒன்றுமே இருக்காது.

இதற்குக் கண்டுபிடித்த தந்திரம், இரண்டு படங்களைக் கழிப்பது. 10.3 மைக்ரானில் எடுத்த வெப்பநிலையிலிருந்து 3.9 மைக்ரானில் எடுத்த வெப்பநிலையைக் கழித்தால் மூடுபனி வெளியே வந்துவிடுகிறது. ஏன் என்று புரிய அடுப்பங்கரைக்குப் போகலாம். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டுவார்களே, துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர்? அதே வகைக் கருவி சமையலுக்கும் விற்கிறார்கள். பழகிக் கறுத்த இரும்பு தோசைக்கல்லுக்கு நேரே பிடித்தால் ஓரளவு சரியான சூட்டைக் காட்டும். கொதிக்கும் தண்ணீர் உள்ள பளபள எவர்சில்வர் பாத்திரத்துக்கு நேரே பிடித்தால் வெகு குறைவாகக் காட்டும். தொட்டால் கை வெந்துவிடும், கருவியோ சூடில்லை என்று சாதிக்கும். காரணம், கருப்பான கல் தன் சூட்டுக்குரிய கதிரை ஏறத்தாழ முழுசாக வெளிவிடுகிறது. பளபளப்பான உலோகம் கஞ்சத்தனமாகக் கொஞ்சம்தான் விடுகிறது. கருவிக்கு இது தெரியாது. கதிர் குறைவு, அப்படியானால் சூடு குறைவு என்று கணக்குப் போட்டுவிடும்.

மூடுபனித் துளிகள் மிகச் சிறியவை, குறுக்களவு பத்து இருபது மைக்ரான்தான். அவை 10.3 மைக்ரானில் தோசைக்கல் மாதிரி நடந்துகொள்கின்றன; 3.9 மைக்ரானில் எவர்சில்வர் பக்கம் கொஞ்சம் சாய்கின்றன. கடலும் நிலமும் பெரும்பாலும் இரண்டிலும் தோசைக்கல்தான்.

எண்களில் பார்க்கலாம் (உதாரணத்துக்காக நான் போட்டுக்கொண்டவை). மேகமில்லாத கடல் பிக்சல்: 10.3-இல் 12.5 டிகிரி, 3.9-இல் 12.3 டிகிரி. வித்தியாசம் 0.2. பக்கத்தில் மூடுபனி பிக்சல்: 10.3-இல் 11.0 டிகிரி, 3.9-இல் 7.5 டிகிரி. வித்தியாசம் 3.5. தனித்தனிப் படத்தில் சாம்பலோடு சாம்பலாக மறைந்திருந்த பூனை, கழித்தல் படத்தில் எழுந்து நிற்கிறது. பொதுவாக 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நீர்த்துளித் தாழ்மேகம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பிரிட்டனில் ஐர், பிரவுன்ஸ்கோம், ஆலம் ஆகிய மூவரும் 1984-இல் துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றிவரும் துருவச் சுற்றுச் செயற்கைக்கோள்களின் படங்களை வைத்து இந்த முறையைச் செய்து காட்டினார்கள். ஆனால் துருவச் சுற்றுக்காரர் ஓர் இடத்துக்கு மேலே ஒரு நாளைக்குச் சில தடவைதான் வருவார். மூடுபனி எப்போது வந்தது, எங்கே நகர்ந்தது என்று சொல்ல அது போதாது. 1994-இல் ஏவிய கோஸ்-8-இல் 3.9 மைக்ரான் அலைவரிசை வந்த பிறகுதான், ஒரே இடத்தில் நின்று இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் இன்சாட்-3டி வரிசையிலும் இதே அலைவரிசை இருக்கிறது. குளிர்காலத்தில் டெல்லி, பஞ்சாப் பக்கத்து மூடுபனியை இரவில் பார்ப்பது இந்தக் கழித்தலால்தான்.

தந்திரம் என்றால் ஓட்டையும் இருக்கும். நான் முதன்முதலில் இந்தப் படங்களை ஓட்டிப் பார்த்தபோது ஒன்று என்னை முட்டாளாக்கியது. இரவு முழுக்கக் கரையை மூடியிருந்த மூடுபனி, விடியும் நேரத்தில் இருபது முப்பது நிமிடத்துக்குள் சுத்தமாகக் காணாமல் போனது. அட, இவ்வளவு சீக்கிரம் கலைந்துவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியும் ஒளிப்படத்தைத் திறந்தால், அது அங்கேயே, அசையாமல் கிடக்கிறது! நடந்தது இதுதான்: வெயிலிலும் 3.9 மைக்ரான் கதிர் உண்டு. சூரியன் எட்டிப்பார்த்தவுடன் மேகத்துளிகள் அதைப் பிரதிபலிக்க ஆரம்பிக்கின்றன. குறைவாகக் காட்டிக்கொண்டிருந்த 3.9 வெப்பநிலை ஏறுகிறது. ஒரு கட்டத்தில் 10.3-ஐத் தொடுகிறது, வித்தியாசம் பூஜ்ஜியம். வெயில் இன்னும் ஏறினால் வித்தியாசம் எதிர்ப்பக்கம் போய்விடும். ஆக, பள்ளிக்கூட வண்டியும் முதல் விமானமும் கிளம்பும் விடிகாலையில், மூடுபனி எங்கே என்று தெரிந்தாக வேண்டிய அந்த நேரத்தில், கழித்தல் படம் கண்ணை மூடிக்கொள்ளும். தெரிந்து வைத்துக்கொண்டால் பயமில்லை.

வேறு ஓட்டைகளும் உண்டு. மேலே உயரமேகம் போர்த்தியிருந்தால் கீழே உள்ளது தெரியாது. வறண்ட மணல் நிலமும் 3.9-இல் கஞ்சத்தனம் காட்டும், அதனால் பாலைவனத்தில் பொய் மூடுபனி தோன்றும். அகச்சிவப்பில் ஒரு பிக்சல் 2 கி.மீ. அகலம்; ஒடுங்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கில் படுத்திருக்கும் மெல்லிய மூடுபனி அதற்குள் கரைந்துபோகும்.

நடைமுறையில் வானிலைக்காரர்கள் இந்தக் கழித்தலைத் தனியாகப் பார்ப்பதைவிட வண்ணப் படமாகப் பார்ப்பதே அதிகம். ‘நைட்டைம் மைக்ரோபிசிக்ஸ்’ என்ற கலவையில், மேகத்தின் தடிமனைக் காட்டும் 12.3, 10.3 வித்தியாசத்தைச் சிவப்புக்கும், நாம் பார்த்த கழித்தலைப் பச்சைக்கும், 10.3 வெப்பநிலையை நீலத்துக்கும் கொடுத்துவிடுகிறார்கள். மிதமான சூட்டில் இருக்கும் தாழ்மேகத்துக்குப் பச்சையும் நீலமும் தூக்கலாக வரும், சிவப்பு மட்டுப்படும். ஆகவே வெளிர்நீலப் பச்சை. தடித்த உயரமேகம் கருஞ்சிவப்பு. இரண்டு நாள் பழகினால் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

‘ஜியோகலர்’ என்று இன்னொரு கலவை உண்டு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிரா நிறுவனத்தில் உருவானது. பகலில் கண்ணால் பார்ப்பது போல இயல்பான நிறம். இரவில் தாழ்மேகம் வெளிர்நீலம், ஊர்களில் தங்கநிற விளக்குகள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த விளக்குகள் நேரலை கிடையாது! வேறொரு செயற்கைக்கோள் முன்பே எடுத்த நகர வெளிச்சப் படத்தை அடியில் விரித்து வைத்திருக்கிறார்கள். ஊரே மின்தடையில் இருண்டாலும் இந்தப் படத்தில் விளக்கு எரியும். இதைத் தெரியாமல் ‘பாருங்கள், விளக்கு தெரிகிறது, அங்கே மூடுபனி இல்லை’ என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வோம்.

நிஜமான இரவு வெளிச்சம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. சுவோமி என்.பி.பி., நோவா-20, நோவா-21 என்ற துருவச் சுற்றுச் செயற்கைக்கோள்களில் உள்ள விர்ஸ் கருவியால் நிலா வெளிச்சத்திலேயே மேகத்தைப் படமெடுக்க முடியும். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் கலிபோர்னியாக் கரை மூடுபனி பகல்போலத் தெரியும். அடியில் ஊர்விளக்குகள் மேகத்துக்குள் மங்கிக் கசிவதுகூடத் தெரியும். அமாவாசையில் இந்த வசதி இல்லை.

இப்போது மறுபடி பழைய கேள்வி: மேல்முகம் தெரிந்துவிட்டது, அடிப்பக்கம்? பகல் படத்தை வைத்தே ஒரு நல்ல யூகம் செய்யலாம். அணை நிரம்பும்போது நீரின் விளிம்பு மலையை ஒரே உயரத்தில் ஒட்டி ஓடுகிறதே, அதுபோல் இந்தத் தட்டை மேகத்தின் விளிம்பும் மலைச்சரிவை ஒரே உயரத்தில்தான் தொடும். படத்தில் வெள்ளை எங்கே முடிகிறதோ, அந்த இடத்தின் உயரத்தை வரைபடத்தில் பார்த்தால் மேகத்தின் மேல்முகம் எத்தனை மீட்டர் என்று கிடைத்துவிடும். அது 200 மீட்டர் என்றால் குளிர்காற்று அடுக்கே மெல்லியது. மேகம் தரையோடு அழுந்திக் கிடக்க வாய்ப்பு அதிகம், கரையோரச் சாலையில் அடர்ந்த மூடுபனி. 600 மீட்டர் என்றால் அடுக்கு தடித்துவிட்டது. மேகம் தூக்கி நிற்கும், கடற்கரையில் நடப்பவருக்கு வெறும் சாம்பல் வானம், ஆனால் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் வரை பரவியிருக்கும். படத்தில் பரப்பு பெரிதாக இருக்கும் நாளில் சாலையில் மூடுபனி குறைவாக இருப்பதும், ஒல்லியாகக் கரையை ஒட்டிக் கிடக்கும் நாளில் எதிரே வரும் வண்டி தெரியாமல் போவதும் இதனால்தான்.

யூகத்தோடு நிறுத்த முடியாத இடங்களில் தரையிலிருந்து உதவி வாங்குகிறார்கள். விமான நிலையங்களில் லேசர் ஒளியை மேலே அனுப்பி மேகத்தின் அடி உயரத்தை அளக்கும் கருவி இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தையும் வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரியின் ஈரப்பதக் கணக்கையும் கலந்து, ‘இங்கே மேகத்தின் அடி 1,000 அடிக்குக் கீழே இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு’ என்று சொல்லும் வரைபடமும் அமெரிக்க வானிலைத் துறையினரிடம் உண்டு. ஆம், இல்லை என்று அடித்துச் சொல்லாமல் வாய்ப்பாகச் சொல்வதுதான் நேர்மை. 1999 முதல் 2009 வரையிலான கோடைகாலப் படங்களை வைத்து, கலிபோர்னியாக் கரையில் எந்த இடம் நாளைக்கு எத்தனை மணி நேரம் மூடியிருக்கிறது என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவன ஆய்வாளர்களும் சிரா ஆய்வாளர்களும் வரைபடம் போட்டபோது, அதற்கு ‘மூடுபனி மற்றும் தாழ்மேகப் பரப்பு’ என்றே பெயர் வைத்தார்கள். ‘மூடுபனி வரைபடம்’ என்று சுருக்கியிருந்தால் கேட்க நன்றாக இருந்திருக்கும்; உண்மையாக இருந்திருக்காது.

அந்த வரைபடம் யாருக்கு? பெரும்பாலும் ரெட்வுட் மரங்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு. உலகின் மிக உயரமான மரவகை அது; 115 மீட்டரைத் தாண்டிய மரம் இருக்கிறது. கலிபோர்னியாவின் கோடையில் மழை கிடையாது. மூடுபனி இலைகளில் படிந்து சொட்டுவதுதான் தண்ணீர். டாட் டாசன் என்ற ஆய்வாளர் 1998-இல் வெளியிட்ட கணக்குப்படி, அவர் ஆராய்ந்த ரெட்வுட் காட்டின் ஆண்டு நீர்வரத்தில் 34 சதவீதம் இப்படி மரத்திலிருந்து சொட்டிய மூடுபனி நீர். அவரும் ஜேம்ஸ் ஜான்ஸ்டோனும் 2010-இல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் கலிபோர்னியாக் கரையில் கோடை மூடுபனி 33 சதவீதம் குறைந்திருக்கிறது என்று எழுதினார்கள். அதற்கு அவர்கள் நம்பியது செயற்கைக்கோளை அல்ல, விமான நிலையங்களின் பழைய மேக உயரப் பதிவுகளையும் வெப்பநிலைப் பதிவுகளையும். நூறு வருடக் கதை சொல்லும் அளவுக்குச் செயற்கைக்கோளுக்கு வயதாகவில்லை. முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 பறந்ததே 1960 ஏப்ரல் 1-இல்தான்.

விமானக்காரர்களின் கவலை வேறு. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கப் பயன்படும் இரண்டு இணை ஓடுபாதைகளுக்கு இடையே 750 அடி, அதாவது 230 மீட்டர்கூட இல்லை. வானம் தெளிவாக இருந்தால் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் இறங்குவது அங்கே நெடுங்கால வழக்கமாக இருந்தது. தாழ்மேகம் மூடிவிட்டால் அது முடியாது. அப்போதெல்லாம் மணிக்கு ஏறத்தாழ 60 என்றிருந்த வரவு 30 ஆகிவிட்டது. அதனால் மேகம் எத்தனை மணிக்குக் கலையும் என்பது அங்கே பெரிய கேள்வி. பத்தரைக்கா, பன்னிரண்டுக்கா? ஒன்றரை மணி நேர வித்தியாசத்தில், வேறு ஊர்களில் கிளம்பாமல் காத்திருக்கும் விமானங்களின் எண்ணிக்கையே மாறிவிடும்.

கலைவது எப்படி என்பதையும் படம்தான் கற்றுக்கொடுத்தது. வெயில் மேலிருந்து மேகத்தைச் சுட்டுக் கரைப்பதாகத்தான் நினைத்துக்கொள்வோம். உண்மையில் மேகத்தின் மேல்முகம் பெரும்பங்கு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஊடுருவும் மிச்சவெயிலும், மேகமில்லாத ஓரத்து நிலத்தில் விழும் முழுவெயிலும் தரையைச் சூடாக்க, கீழிருந்தும் ஓரத்திலிருந்தும் உலர்ந்து வருகிறது. அதனால் படத்தில் மேகத்திட்டு விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருங்கும், துணியில் ஈரக்கறை காய்வது போல. காலைப் படத்தில் அதிகப் பளபளப்பாக இருக்கும் பகுதி தடித்தது, கடைசியில் போகும்; மங்கலானது முதலில் போகும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே ஓரளவு நேரம் சொல்லலாம்.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சிராவின் ‘ஸ்லைடர்’ தளம் இலவசம். கணக்குத் திறக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் இருப்பவருக்கு நேரமும் தோதானது. ஜூலையில் ஒரு நாள் மாலை ஐந்தரைக்கு டீயை வைத்துக்கொண்டு உட்காருங்கள். கலிபோர்னியாவில் அப்போது விடியற்காலை 5 மணி. (படத்தின் மூலையில் உலகப் பொது நேரம்தான் போட்டிருக்கும், அது 12:00 என்று காட்டும்.) கோஸ்-மேற்கு (நாம் பார்த்த கோஸ்-18தான்) என்பதைத் தேர்ந்தெடுத்து, சான் பிரான்சிஸ்கோ வரை பெரிதாக்கி, நைட்டைம் மைக்ரோபிசிக்ஸைப் போட்டால் கரையோரம் வெளிர்நீலப் பச்சைப் பட்டை தெரியும். ஆறரை, ஏழு மணிவாக்கில் அந்த நிறம் குழம்பி மறையும். அங்கே சூரியன் வந்துவிட்டது, இனி அதை நம்ப வேண்டாம். ஏழரைக்கு மேல் ஜியோகலருக்கு மாறுங்கள். சாய்வான காலை வெயிலில் மேகத்தின் மேல்முகச் சுருக்கங்கள் நிழலோடு துல்லியமாகத் தெரியும் நேரம் அது.

சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு வந்தால் அங்கே காலை 9. உள்நாட்டுப் பள்ளத்தாக்கு விரல்கள் சுருங்க ஆரம்பித்திருக்கும். வளைகுடாவின் மேற்குக் கரையில், விமான நிலையம் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பத்தரை, பதினொன்று என்று போகப் போக வெள்ளை நைந்து, நடுவில் நீர் கருப்பாகத் தெரியத் தொடங்கும். தூக்கம் வருவதற்குள் பெரும்பாலும் வளைகுடா முழுக்கத் திறந்துவிடும். கோல்டன் கேட்டின் மேல் மட்டும் ஒரு வெள்ளை நாக்கு நீட்டியபடியே இருக்கும், அது அவ்வளவு சுலபத்தில் போகாது. அது கோபுரத்தின் தலையை மட்டும் மறைக்கிறதா, சாலைவரை இறங்கிவிட்டதா என்று எவ்வளவு பெரிதாக்கினாலும் படத்தில் தெரியாது. கீழே கப்பல்களுக்காகப் பாலத்தில் வைத்திருக்கும் மூடுபனிச் சங்கு ஊதிக்கொண்டிருக்கிறதா என்று அங்கே இருக்கும் யாரையாவது போன் போட்டுக் கேட்டால் தெரியும்.